தரை துடைத்த தண்ணீர் எங்கே போகிறது? – துப்புரவுத் தொழில், வாசகர் கேள்வி பதில்

ஹவுஸ்கீப்பிங், தொட்டி சுத்தம், மண்டபச் சுத்தம் என்று தொழில் நடத்துகிறவர்களிடம் கழிவு, மறுசுழற்சி பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இரண்டு பள்ளிக்கூடம், ஒரு வங்கிக் கிளை, மூன்று அடுக்குமாடி என்று சுத்தம் செய்யும் ஒப்பந்தம் எடுத்திருக்கிறோம். மாதக் கடைசியில் பினாயில், சோப் ஆயில், ஆசிட் கேன்கள் குவிந்துவிடுகின்றன. பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய் இறக்கினால் "நாத்தம் அடிக்கு, வேண்டாம்" என்கிறார்கள். என்ன செய்யலாம் ஐயா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கேனை எங்கே போடுவது என்பதை அப்புறம் பார்ப்போம். இத்தனை கேன் ஏன் சேருகிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் தளங்களில் அளவுக் குவளை இருக்கிறதா? இல்லையென்றால், கேனைச் சாய்த்து "போதும்" என்று தோன்றும்வரை ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம். நூற்றுக்கு ஒன்று என்று லேபிளில் போட்டிருக்கும் தரைத் திரவத்துக்கு 10 லிட்டர் வாளியில் 100 மில்லி போதும். கைக்கணக்கில் ஊற்றும்போது 300 மில்லி விழுவது சாதாரணம். ஒரு நாளைக்கு நான்கு வாளி என்றால் 800 மில்லி வீண். 25 வேலை நாளில் 20 லிட்டர், அதாவது ஐந்து லிட்டர் கேன் நான்கு. இது ஒரு தளத்துக்கு மட்டும்.

கூடுதலாக ஊற்றினால் தரை கூடுதலாகச் சுத்தமாவதும் இல்லை. மிஞ்சிய சோப்பு தரையில் மெல்லிய பசையாகப் படிந்து தூசியைப் பிடித்து வைக்கும். ஈரம் காய்ந்தபின் கால் தடம் தெரியும். மேற்பார்வையாளர் வந்து "சரியாத் துடைக்கலையா?" என்பார், மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். சந்தேகம் இருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு டைல்ஸைத் தேய்த்துப் பாருங்கள். நுரை வந்தால் தரையில் பழைய சோப்பு படிந்திருக்கிறது. நாலைந்து நாள் வெறும் தண்ணீரில் துடைத்தாலே தரை தெளியும்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, நுரை எழாமல் வெள்ளையாகப் படியும். நுரை வராததால் வேலை செய்கிற அக்காமார் மேலும் ஊற்றுவார்கள். அது அவர்கள் தப்பில்லை. கலக்குவதற்கு மட்டும் ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்த இரண்டு குடம் ஒதுக்கிவையுங்கள். அதற்கு வழியில்லாத இடத்தில் சோப் ஆயிலை விட்டுவிட்டு, உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும் என்று லேபிளில் உறுதி சொல்லும் டிடர்ஜென்ட் வகைத் திரவத்துக்கு மாறுங்கள்.

இனி கேன். காலியான ஐந்து லிட்டர் கேனில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு, மூடி, முப்பது எண்ணும்வரை குலுக்கி, அந்தத் தண்ணீரை அப்போது கலக்கும் வாளியிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. ஒட்டியிருந்த மருந்து வீணாகாது, கேனில் நாற்றமும் பெரும்பாலும் போய்விடும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் ஒரு நாள் காயவையுங்கள். ஆசிட் கேனை மட்டும் தனியாக அலச வேண்டும். பிளீச்சிங் கலந்த வாளியில் அந்தத் தண்ணீர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

அடிப்பாகத்தில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன். கேன்கள் பெரும்பாலும் இதுதான், இதற்கு நல்ல விலை உண்டு. 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில் வகை. மூடி அநேகமாக 5, பாலிபுரொப்பிலீன். மூன்றையும் தனித்தனி மூட்டையாகக் கட்டி, லேபிளை உரித்துக் கொடுத்தால் கடைக்காரர் மறுக்க மாட்டார். ஸ்பிரே தலையில் இரும்புச் சுருளும் சிறு குண்டும் கலந்திருப்பதால் அதை யாரும் வாங்க மாட்டார்கள். தலையைக் கழுவி வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும் மாற்றுங்கள்.

ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. கேனைக் கொடுக்குமுன் வயிற்றில் ஒரு வெட்டுப் போட்டுவிடுங்கள். முழுக் கேன் வெளியே போனால் யாராவது குடிதண்ணீரோ பதநீரோ பிடிக்க எடுத்துக்கொள்வார்கள். கேன் எண்ணிக்கையை இன்னும் குறைக்க வேண்டுமென்றால், 35 அல்லது 50 லிட்டர் டிரம்மில் வாங்கி, காலி டிரம்மைத் திருப்பிக் கொடுத்து நிரப்பித் தரும் தயாரிப்பாளரைத் தேடுங்கள். உள்ளூரில் சிறிய அளவில் தயாரிக்கிறவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள்.

கேள்வி: துடைத்த அழுக்குத் தண்ணீரை வாசலில் உள்ள ஓடையில்தான் ஊற்றுகிறோம். அது பாளையங்கால்வாய்க்குப் போகிறது என்று ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். நாலு வாளித் தண்ணீரில் என்ன ஆகிவிடப் போகிறது?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: சண்டைக்கு வந்தவர் சொன்னது சரிதான் சகோதரி. பாளையங்கால்வாய் தாமிரபரணியின் பழவூர் அணைக்கட்டிலிருந்தும், நெல்லைக் கால்வாய் சுத்தமல்லியிலிருந்தும், கோடகன் கால்வாய் அரியநாயகிபுரத்திலிருந்தும் பிரிந்து வருகின்றன. மூன்றும் வயலுக்குப் போகிற பாசனத் தண்ணீர். மழைநீர் ஓடையில் ஊற்றுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். தாமிரபரணியில் இறங்கினால் கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைத் தாண்டிப் புன்னைக்காயல் வரை அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், பாய்ச்சுகிறார்கள். பினாயிலில் உள்ள எண்ணெயும் பினால் வகைகளும் மீனுக்கு நஞ்சு. சோப்புத் தூளில் உள்ள பாஸ்பேட்டும் சாக்கடையும் சேர்ந்துதான் தண்ணீரை மூடிப் படரும் அமலைச் செடிக்கு (ஆகாயத் தாமரை) உரமாகின்றன. உங்கள் நாலு வாளியோடு அந்தத் தெருவின் அத்தனை கடைகளின் நாலு வாளியும் சேர்கிறது.

பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள கட்டடத்தில் துடைத்த தண்ணீரைக் கழிப்பறைக் கோப்பையில் ஊற்றுங்கள். அதற்கு முன் வாளியைக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். மண்ணும் முடியும் அடியில் தங்கும். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு அடி மண்டியைப் பழைய துணியில் வடித்துக் குப்பையில் சேர்த்தால் குழாய் அடைக்காது.

இணைப்பு இல்லாத இடத்தில் உறிஞ்சு குழி தோண்டலாம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், நாலடி ஆழம். அடியில் பெரிய கல், நடுவில் உடைத்த செங்கல், மேலே சரளை. தண்ணீர் குழிக்குள் விழுமுன் ஓட்டை போட்ட ஒரு பானையில் தேங்காய் நார் திணித்து அதன் வழியாக வடியவிட வேண்டும். அந்த நாரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பஞ்சும் சோப்பும் சேர்ந்து குழியின் வாயை அடைத்துவிடும். இந்தக் குழிகள் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கிணறு, போரிலிருந்து குறைந்தது ஐம்பதடி தள்ளித் தோண்டுங்கள். செம்மண்ணில் நன்றாக இழுக்கும், கரிசலில் இழுக்காது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டில் குழி தோண்டிவிட்டுத் தண்ணீர் நிற்கிறதே என்று வருத்தப்படுவதில் பயனில்லை. அங்கே கல்வாழை நட்ட பாத்தியில் தண்ணீரைப் பாயவிடுவதுதான் வழி. ஆசிட், பிளீச்சிங், பினாயில் கலந்த தண்ணீரைக் குழி, பாத்தி இரண்டிலுமே விடக் கூடாது.

கேள்வி: கே.டி.சி. நகரில் பாத்ரூம் சுத்தம் செய்து கொடுக்கிறோம். உப்புக் கறைக்கு ஆசிட்தான் ஊற்றுகிறோம். ஒரு வீட்டில் மொசைக் தரை சொரசொரவென்று ஆகிவிட்டது. ஆசிட் இல்லாமல் கறை போகுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போகும். சிட்ரிக் ஆசிட் தூள் 250 கிராமை ஐந்து லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். பழைய துணியை அதில் முக்கி, கறை படிந்த டைல்ஸ் மேல் ஒட்டி வைத்து அரை மணி நேரம் விட்டுத் தேய்க்க வேண்டும். ஊற்றிய உடனே தேய்த்தால் ஒன்றும் போகாது. அதனால்தான் பலர் இதை ஒரு நாள் பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். குரோம் குழாய்க்குப் பத்து நிமிடம் போதும், உடனே கழுவிவிடுங்கள். கழிப்பறைக் கோப்பைக்கு ஊற்றுமுன் உள்ளே நிற்கும் தண்ணீரைப் பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பின்னால் தள்ளுங்கள். அந்தத் தண்ணீர் இருந்தால் கரைசல் நீர்த்துப்போகும்.

மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லும் சிமெண்டும். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல். ரெட் ஆக்சைடு தரை சிமெண்ட்தான். இவை எல்லாவற்றையும் ஆசிட் அரிக்கும், சிட்ரிக் ஆசிடும் அரிக்கும், எலுமிச்சம்பழச் சாறுகூட அரிக்கும். இந்தத் தரைகளுக்கு டிடர்ஜென்ட் திரவமும் தென்னந்தும்புப் பிரஷ்ஷும் மட்டும்தான். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் வாராவாரம் ஆசிட் ஊற்றினால் மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர் செத்து, தொட்டி சீக்கிரம் நிரம்பும். அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: டீக் கடை, அலுவலகப் பேப்பர் கப்பை பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போடலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கூடாது. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. ஒரு கப் கலந்தாலும் கடைக்காரர் மொத்தக் கட்டையும் கழித்துவிடுவார். பூச்சுள்ள பேப்பர் கப், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் ஒன்று. ஒப்பந்தம் எடுத்த அலுவலகத்தில் ஸ்டீல் டம்ளரும் கழுவத் தொட்டியும் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஆட்கள் கல்யாண மண்டபம் சுத்தம் செய்கிறார்கள். முகூர்த்த நாளில் இலைக் குப்பை டிராக்டர் கணக்கில் சேருகிறது. பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவர் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா? உரமாக்க வழி உண்டா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சாப்பிட்ட இலையை மாட்டுக்குக் கொடுக்க வேண்டாம் அண்ணாச்சி. அதில் ஒட்டியிருக்கும் சோறும் பாயசமும் மொத்தமாக வயிற்றுக்குள் போனால் இரைப்பையில் அமிலம் ஏறி, மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், வயிறு உப்பும். சமயத்தில் செத்தும் போகும். இலைக்குள் சுருட்டி எறிந்த பிளாஸ்டிக் வேறு. சமையற்கட்டில் இலை நறுக்கும்போது விழும் துண்டும் பட்டையும் சுத்தமானவை. அவற்றைத் தாராளமாகக் கொடுங்கள்.

உரமாக்குவது நன்றாகவே நடக்கும். ஆனால் அதன் வெற்றி பந்தியில்தான் இருக்கிறது. பந்தி எழுந்ததும் இலையையும் பாட்டிலையும் கப்பையும் மேசை விரிப்பையும் ஒன்றாகச் சுருட்டி அள்ளினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு பேரை முன்னால் அனுப்புங்கள். ஒருவர் கையில் சாக்கு, அவர் பாட்டிலும் கப்பும் மட்டும் எடுப்பார். இன்னொருவர் கையில் வாளி, அவர் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை அதில் கொட்டுவார். அந்தத் தண்ணீர் முற்றம் கழுவ ஆகும், பாட்டிலும் எடைக்குப் போட உலர்ந்து கிடைக்கும். அதன்பின் வருகிறவர்கள் இலையை மட்டும் எடுப்பார்கள். ஒரு பந்திக்கு ஐந்து நிமிடம் கூடும். அடுத்த பந்தி உட்காரும் அவசரத்தில் இதைச் செய்ய விட மாட்டார்கள் என்பதால், மண்டப மேலாளரிடமும் பந்தி விசாரிப்பவரிடமும் முன்பே பேசி வையுங்கள். மேசைப் பேப்பர் விரிப்பில் ஒரு துண்டை நனைத்துக் கசக்கிப் பாருங்கள். மெல்லிய சவ்வு தனியாக உரிந்து வந்தால் அது பூச்சுப் பேப்பர், உரத்துக்கு ஆகாது.

இலையை அப்படியே குவித்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, காற்றுப் போகாமல் அழுகி நாறும். நாலு விரற்கடைத் துண்டாக வெட்டுங்கள். நடுத்தண்டைச் சிதைத்துவிடுங்கள், அதுதான் மக்கக் காலம் பிடிக்கும். ஓர் அடி உயரம் இலை, அதன்மேல் கையளவு கனத்துக்குச் சருகோ வைக்கோலோ தென்னை நார்க்கழிவோ, அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கிலோ சாணம் கரைத்துத் தெளிப்பு. இப்படியே நாலைந்தடி உயரம் ஏற்றுங்கள். மூன்றடிக்குக் குறைந்தால் குவியல் சூடாகாது. மூன்றாம் நாள் ஒரு கம்பியை உள்ளே சொருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு இல்லையென்றால் ஈரம் குறைவு, அல்லது சாணம் போதவில்லை. உள்ளிருந்து ஒரு பிடி அள்ளிப் பிழியும்போது ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரியான ஈரம். ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள். ஏழாம் நாள் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டால் இரண்டு மாதத்தில் கருப்பாக, மண்வாசனையோடு தயாராகும்.

சாம்பார், ஊறுகாய், அப்பளத்தின் உப்பு உரத்தில் தங்கும். அதனால் நாற்றுக்குத் தனி உரமாகப் போடாமல், மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து தென்னை, வாழைக்குப் போடுங்கள்.

கேள்வி: மகளிர் குழுவாகச் சேர்ந்து பழத்தோலில் பயோ என்சைம் செய்து ஹவுஸ்கீப்பிங்காரர்களுக்கு விற்க நினைக்கிறோம். பினாயிலுக்குப் பதிலாகச் சொல்லி விற்கலாமா?
– வாசகி, புளியங்குடி

பதில்: உங்கள் ஊரில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை, ஜூஸ் கடையில் தோல் சும்மாவே கிடைக்கும். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர். கருப்பட்டி வேண்டாம், கட்டுப்படியாகாது, மட்டமான வெல்லமே போதும். பிளாஸ்டிக் டிரம்மில் கால் பாகம் காலியாக விட்டு மூடி, முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். கண்ணாடி ஜாடி வெடிக்கும். தோல் தண்ணீருக்கு மேல் மிதந்தால் பூஞ்சை பிடிக்கும், அதனால் கிளறி அமுக்கி வையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். மண்டி நின்றால் தரை ஒட்டும், எறும்பு வரும்.

லிட்டருக்கு 50 மில்லி கலந்தால் டைல்ஸ், கண்ணாடி, சிங்க் சுத்தமாகும், லேசான எண்ணெய்ப் பிசுக்கும் போகும். ஆனால் இது கிருமிநாசினி அல்ல. ஆஸ்பத்திரி, கிளினிக், நோயாளி உள்ள வீட்டுக் கழிப்பறை ஆகியவற்றுக்குக் கிருமிநாசினிக்குப் பதில் என்று சொல்லி விற்காதீர்கள். நம்பி வாங்குகிறவர்களுக்குக் கெடுதல் வரும். புளிப்புத் தன்மை உள்ளதால் மொசைக், கடப்பாவுக்கும் ஆகாது, பிளீச்சிங்கோடும் சேரக் கூடாது. இந்த மூன்றையும் பாட்டிலில் அச்சடித்து ஒட்டுங்கள்.

கேள்வி: சம்ப், மாடித் தொட்டி கழுவுகிறோம். ஒவ்வொரு தடவையும் ஏகப்பட்ட தண்ணீர் வீணாகிறது, பிளீச்சிங் தண்ணீரும் தோட்டத்தில் பாய்ந்து செடி கருகிவிட்டது என்கிறார்கள்.
– வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: நாலு நாள் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லித் தண்ணீரை அரையடி ஆழத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள். மருந்து சேராத அந்த அடித் தண்ணீரை முதலில் மரத்துக்கு இறைத்துவிடலாம், வண்டல் செடிக்கு நல்லது. சுவரைத் தேய்த்துக் கழுவியபின் தொட்டி நிறைய மருந்துத் தண்ணீர் நிரப்ப வேண்டியதில்லை. 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 10 கிராமை 15 லிட்டர் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் சுவரில் தெளியுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு, அது குழாயை அடைக்கும். அரை மணி நேரம் கழித்து ஒருமுறை அலசி, அந்தத் தண்ணீரை வாளியில் வாங்கி இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். பழைய பிளீச்சிங் பவுடர் ஈரத்திலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். திறந்த பையைச் சாக்கில் சுற்றி மூலையில் வைக்காமல், மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.

தண்ணீரைவிட ஆள் முக்கியம். குளோரின் காற்றைவிடக் கனமானது, சம்பின் அடியில் தங்கும். மருந்து தெளித்தபின் உள்ளே ஆள் நிற்கக் கூடாது. டீசல், பெட்ரோல் பம்ப்பைச் சம்ப் வாய் அருகே ஓட்டினால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே இறங்கி, மணமே தெரியாமல் ஆளைச் சாய்க்கும். மேலே எப்போதும் ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். "அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துக் கொடுங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அதற்குள் ஆளை இறக்கி வேலை வாங்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: அலுவலகங்களில் கழற்றிப் போடும் டியூப்லைட்டை உடைத்துக் குப்பையில் போடுகிறோம். சரியா?
– வாசகர், பேட்டை

பதில்: உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. புது டியூப் வந்த அட்டை உறையிலேயே பழையதைச் செருகி நிமிர்த்தி வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் இவையும் அடங்கும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும்படி அலுவலகத்தாரிடமே ஒப்படையுங்கள். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே வந்துவிடுங்கள். பிறகு வாரியலால் கூட்டாமல், அட்டையால் அள்ளி, ஈரத் தாளால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: பாபநாசத்தில் பரிகாரம் செய்கிறவர்கள் ஆற்றில் விடும் துணியைக் கரையேற்றிக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துத் துடைக்கும் துணியாகப் பயன்படுத்தலாமா? இப்போது பனியன் வேஸ்ட்தான் கிலோக் கணக்கில் வாங்குகிறோம்.
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: நல்ல யோசனை, ஆனால் எல்லாத் துணியும் ஆகாது. உள்ளாட்சியிடம் அனுமதி வாங்கி, கரையேற்றிய அன்றே எடுத்துவிடுங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை ஏறி நூல் இற்றுப்போகும். எது பருத்தி என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் கருகும் வாடையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கருப்புக் குண்டாக முனையில் திரளும். நம் வேலைக்குப் பருத்தி வேட்டியும் துண்டும்தான் ஆகும், பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது.

பிரித்த பருத்தியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மணலை உதறுங்கள். பிறகு டிடர்ஜென்ட் போட்ட கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பொத்தான், கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் வெட்டி எடுக்காவிட்டால் டைல்ஸில் கீறல் விழும். ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, கழிப்பறைக்குச் சிவப்பு நூல், சமையலறைக்குப் பச்சை நூல், மற்ற இடத்துக்கு நீல நூல் என்று ஓரம் தைத்துவிட்டால் ஒன்று மற்றொன்றின் இடத்துக்குப் போகாது. மைக்ரோஃபைபர் துணி வைத்திருந்தால் அதை இவற்றோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பருத்திப் பஞ்சு அதன் இழைக்குள் புகுந்து, பிறகு அது அழுக்கைப் பிடிக்காது.